வளை வாசலில் நின்றவர்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கும் தனியாக இருந்த ஒரு பெரியவரின் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்தான். 2000 ஏப்ரலில் நாங்கள் அங்கே குடிபோனோம். முதல் குளிர்காலம் முடிவதற்குள் சுவரின் இந்தப் பக்கம் நடப்பது அந்தப் பக்கமும், அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கமும் தெரிந்துபோயிற்று. அவருக்குத்தான் கூடுதலாகத் தெரிந்தது. காதுகள் அப்படி.

பெரிய காதுகள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்ததால் இன்னும் பெரிதாகத் தெரியும். யாராவது பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார். புதிதாகப் பார்க்கிறவர்கள் செவிடென்று நினைத்துச் சத்தமாகப் பேசுவார்கள். "கத்தத் தேவையில்லை, கேக்குது" என்பார்.

அந்த டிசம்பரில் என் மகளுக்கு இருமல். ஒரு வயது முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. காலையில் அழைப்புமணி அடித்தது. கையில் மூடிய பாத்திரத்தோடு அவர் நின்றார்.

"பிள்ளை விடியத் தொடக்கம் இருமுது. கொத்தமல்லி அவிச்சனான். கொஞ்சம் கொஞ்சமாப் பருக்குங்கோ."

பாத்திரத்தை வாங்கிக் கதவைச் சாத்தியதும் என் கணவர் சிரித்தார். "நம்ம வீட்டு இருமலுக்கு அவரு வீட்டுல மணி அடிக்குது போல."

நாங்கள் இருவரும் மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர்கள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய பேச்சில் பாதி எனக்கு முதல் வருடம் பிடிபடவில்லை. ஆனால் அவர் அடிக்கடி பேசிய ஒரு விஷயம் எந்தத் தமிழிலும் விளங்காமல் போகாது. அது ஒரு நரியைப் பற்றியது.

ஆப்பிரிக்காவில் பொட்ஸ்வானாவின் வறண்ட வெளியில் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தார். எண்பதில் போய்த் தொண்ணூற்றிரண்டில் லண்டன் வந்தார். பதினொன்று என்றுதான் அவர் சொல்வார். அவர் சொல்லும் மற்ற சம்பவங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் பன்னிரண்டு வருகிறது. அங்கே ஆசிரியர் குடியிருப்புக்குப் பின்னால், வேறு ஏதோ மிருகம் தோண்டி விட்டுப்போன ஒரு வளையில், ஒரு சோடி நரி குடியிருந்தது. சாதாரண நரியல்ல. வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிய உடம்பு. அதற்குப் பொருந்தாத இரண்டு அகலமான காதுகள். வௌவால்காது நரி என்று நாங்கள் தமிழாக்கிக்கொண்டோம். கோழி பிடிக்காது, ஆடு கடிக்காது. கறையானும் சாணி வண்டும் மண்ணுக்குள் இருக்கும் புழுவும்தான் அதற்குச் சாப்பாடு. காதைத் தரையை நோக்கிக் கவிழ்த்து, மண்ணுக்கடியில் புழு நெளிகிற சத்தத்தைக் கேட்டுத் தோண்டும்.

அந்தச் சோடியின் படம் அவர் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தது. இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கும். ஊர்க்காரர்கள் வீட்டில் பிள்ளைகள் பட்டம் வாங்கிய படம் தொங்குகிற அதே இடம். பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த அவருடைய தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வரும்போதெல்லாம் அதைச் சீண்டாமல் போகமாட்டார்.

"அண்ணை, ஒவ்வொருநாளும் நரி முகத்திலை முழிக்கிறியள். ஒரு லொத்தர் எண்டாலும் விழுந்ததோ?"

"முழிக்கிறதுக்கு முதல் நித்திரை வரவேணும்" என்பார் அவர்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அவருடைய இடம் வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படி. அந்த வீடுகளில் படிக்கட்டு இறங்கும் இடம் நேராக முன்கதவைப் பார்க்கும். நல்ல சோபா இருக்க, அந்தப் படியில் உட்கார்ந்துதான் பத்திரிகை படிப்பார், தேத்தண்ணீர் குடிப்பார். கூடத்து விளக்கு பகலிலும் எரியும். யாரை எதிர்பார்க்கிறார் என்று ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. மனைவி நாங்கள் வருவதற்கு முந்திய ஆண்டு இறந்துவிட்டார். ஒரே மகள் ஹரோவில், பஸ்ஸில் பத்து நிமிட தூரத்தில் இருந்தார். அவருக்கு ஒரு மகன்; என் மகளைவிடச் சில மாதம் இளையவன். மருமகனுக்கு பர்மிங்காமில் வேலை. வெள்ளி இரவு வந்து திங்கள் விடியப் போய்விடுவார்.

மகள் ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு வருவார். சமைத்த சாப்பாடு இரண்டு மூன்று டப்பாக்களில் இருக்கும். ஒரு மணிக்குப் போய்விடுவார். எதிர்ப்பட்ட நேரங்களில் என்னோடு இனிமையாகப் பேசினார். ஆனால் அப்பா வீட்டுக்குள் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பார். பையன் அவர் மடியை விட்டு இறங்கினால், "இஞ்சை வாங்கோ, தாத்தாவைக் கரைச்சல்படுத்தக் கூடாது" என்று திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார். பெரியவர் எதிரில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் சமூகத்தில் இது பேச்சாகாமல் இருக்குமா? பேரப்பிள்ளை பார்க்கவென்றே ஊரிலிருந்து ஆட்களை வரவழைக்கிற இடம் இது. "சும்மா வீட்டிலை இருக்கிற தேப்பன் பக்கத்திலை இருக்க, அவள் நர்சரிக்குக் காசைக் கொட்டுறாள்" என்று கடைக்காரர் என்னிடமே சொன்னார். "இந்தாள் என்னத்தைச் செய்திச்சுதோ."

அவர் என்ன செய்தார் என்பதை 2002 மே மாதம் அறிந்தேன்.

தோட்ட வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வெங்காயத் தாள் பறித்துக்கொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் துணி காயப்போட்டபடி என் குழப்பத்தைச் சொன்னேன். நான் மருத்துவமனை ஒன்றில் மருந்தாளர். மேல்பரீட்சை எழுத வேண்டியிருந்தது.

"அம்மா பிள்ளைய ஈப்போவுக்கு அனுப்பிவிடுன்னு சொல்றாங்க அங்கிள். ரெண்டு வருஷம்தான். பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடலாம்."

அவருடைய தலை சாய்ந்தது.

"ரெண்டு வருசம்" என்றார். "நாங்களும் ரெண்டு வருசமெண்டுதான் வெளிக்கிட்டனாங்கள்."

வெங்காயத் தாளைக் கீழே வைத்துவிட்டு வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். பொட்ஸ்வானாவில் அவருக்கும் தாதியான அவர் மனைவிக்கும் சேர்த்து வேலை கிடைத்தபோது மகளுக்கு ஆறு வயது. அவளை யாழ்ப்பாணத்தில் நல்ல பெயரெடுத்த பள்ளிக்கூடம் ஒன்றின் விடுதியில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனவர்கள் பலர் அப்படித்தான் செய்தார்களாம். ஒப்பந்தம் இரண்டு இரண்டு ஆண்டாக நீண்டது. பிறகு ஊரில் சண்டை, பாதையில்லை, விமானமில்லை.

"ஆர் கேட்டாலும், அங்கை படிப்புச் சரியில்லை, அதுதான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகேல்லை எண்டு சொல்லுவன். ஆக்கள் தலையாட்டுவினம். அங்கை, ஆப்பிரிக்காவிலை, கணக்குப் படிப்பிச்சது ஆர்? நான்தான், பிள்ளை. ஊரான் பிள்ளையளுக்கு நான் காணும். என்ரை பிள்ளைக்கு நான் காணாது."

'காணும்' என்றால் அவர் பேச்சில் 'போதும்' என்பது அதற்குள் எனக்குப் பழகியிருந்தது.

"விடுதிக் கேற்றடியிலை 'நானும் வரட்டே அப்பா' எண்டு கேட்டவள். 'ஞாயிற்றுக்கிழமை வாறன்' எண்டன். விடுதியிலை பாக்கவாற நாள் ஞாயிறுதானே. எந்த ஞாயிறு எண்டு நான் சொல்லேல்லை."

லீவில் அவர்கள் முதன்முதலாகத் திரும்பிப் போனபோது சிறுமிக்கு எட்டு வயது. விடுதி வரவேற்பறைக்கு அவள் வந்து, "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டாளாம். விருந்தினர் வந்தால் அப்படிக் கேட்க வேண்டுமென்று அங்கே பழக்கியிருந்தார்கள்.

"அப்ப நான் என்ன செய்யணும் அங்கிள்?" என்றேன்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்குச் சொல்ல வாயில்லை" என்று வெங்காயத் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் மகள் ஈப்போவுக்குப் போகவில்லை. பரீட்சையைத்தான் தள்ளிப்போட்டேன்.

அதற்குப் பிறகு நரிக் கதை எனக்கு வேறு மாதிரிக் கேட்க ஆரம்பித்தது. அவர் அதை எங்கே போனாலும் சொல்வார். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வாசல் பொறுப்பு அவருடையது. அவராகக் கேட்டு வாங்கிக்கொண்டது. கடைசிப் பிள்ளையின் பெற்றோர் வரும்வரை அந்தப் பிள்ளையோடு படியில் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவரை நரி அங்கிள் என்றே கூப்பிட்டார்கள்.

"நரி அங்கிள், அது சிக்கன் சாப்பிடாதா?"

"சாப்பிடாது."

"சிப்ஸ்?"

"கறையான். ஒரே இருப்பிலை ஆயிரக்கணக்கிலை."

"யக்!"

"உங்களுக்கு யக். அதுக்குப் பிரியாணி."

பிறகு குரல் கொஞ்சம் இறங்கும். சிங்கம் என்றால் இறைச்சியைக் கவ்விக்கொண்டு வரலாம். கறையானை எப்படிக் கவ்விக்கொண்டு வருவது? அதனால் தாய் நரி தூரதூரமாய்ப் போய் வயிறு நிறையத் தின்று, வந்து பால் கொடுக்க வேண்டும். குட்டிகளை யார் பார்ப்பது? தகப்பன். வளை வாசலில் படுத்திருக்கும். குட்டிகள் ஏறி மிதிக்கும், காதைப் பிடித்து இழுக்கும், அசையாது. கழுகு வந்தால், வேறு மிருகம் வந்தால், வாலை வளைத்து எழுந்து நிற்கும். "தகப்பன் வாசலை விட்டுப் போகவே மாட்டுது" என்று முடிப்பார்.

தாமதமாக வருகிற தாய்மார் "சாரி மாமா, சரியான ட்ராஃபிக்" என்று ஓடிவருவார்கள். கோபிக்க மாட்டார். "பரவாயில்லை. பிள்ளை வாசலைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ" என்பார். கோபித்திருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நூலகத்தில் பாலூட்டிகளைப் பற்றிய ஒரு தடித்த நூல் எடுத்து அவர் சொன்னதையெல்லாம் சரிபார்த்தேன். காது, கறையான், வழக்கத்துக்கு மேலான எண்ணிக்கையில் சின்னச் சின்னப் பற்கள், தகப்பனின் காவல் என எல்லாம் சரி. ஒன்றைத் தவிர. ஆணும் இடையிடையே வளையை விட்டு இரைதேடப் போகும் என்று அதில் இருந்தது. அவரிடம் சொன்னேன்.

"எழுதினவர் அந்த வளையடியிலை இருந்தவரோ?" என்று கேட்டார். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே கடுமையான சொல் அதுதான்.

அந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து நானும் மகளும் அவரும் நடந்து வந்துகொண்டிருந்தோம். இம்பீரியல் டிரைவ் ஓரத்தில் லண்டன் நரி ஒன்று காரில் அடிபட்டுக் கிடந்தது. குப்பைப் பையைக் கிழிக்கிற செந்நரி. எங்கள் தெருவில் எல்லோரும் திட்டுகிற சாதி. என் மகளின் கண்ணை நான் மறைத்தேன். அவர் நின்றுவிட்டார். தலை சாய்ந்திருந்தது, அது இன்னும் ஏதோ சொல்லும் என்பது போல.

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட்டருகே மகளை உள்ளே அனுப்பிவிட்டு நான் திரும்பியபோது சொன்னார்: "அங்கையும் தாய் ரோட்டிலைதான் போனது. லொறி. நான்தான் கண்டனான்."

அது அவர் போன இரண்டாம் ஆண்டு முடிவு. குட்டிகள் கண் திறந்து வெளியே வர ஆரம்பித்திருந்த நேரம். தாய் வராததால் தகப்பன் வளை வாசலில் படுத்தே இருந்தது. அதனிடம் பால் இல்லை. குட்டிகள் ஒவ்வொன்றாய் வெளியே வருவது நின்றது. கடைசிக் குட்டியும் வராமல் போன பிறகும் அது வாசலில்தான் படுத்திருந்தது. அவரும் மனைவியும் பின்வாசலில் நின்று பார்த்தார்கள். பால் வைத்தார்கள், அது தொடவில்லை.

"இவ அழுதா. 'ஊருக்குப் போவம், பிள்ளை அங்கை தனிய' எண்டா. நான் ஓமெண்டன்." கேட்டின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "அடுத்தநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். கையெழுத்து வைச்சன். இன்னும் ரெண்டு வருசம். அதைப் பாத்துப்போட்டு வந்து, பிள்ளை, அந்தக் கையாலை."

"உள்ள வாங்க அங்கிள், டீ குடிக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான், விடுதி வரவேற்பறையில் கேட்ட அதே சொல் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று உறைத்தது.

2003 ஜனவரியின் கடைசி வியாழக்கிழமை லண்டனில் பனி கொட்டியது. அன்று வேலையிலிருந்து திரும்பியவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். சாலைகள் இறுகி, ரயில்கள் அங்கங்கே நின்றுபோயின. என் மருத்துவமனை பக்கத்தில் இருந்ததால் நான் நடந்தே நர்சரிக்குப் போனேன். என் மகளும் அவர் பேரனும் ஒரே நர்சரி. போய்ச் சேர்ந்தபோது ஆறாகப் போகிறது. மூடுகிற நேரம்.

கேட்டுக்கு உட்பக்கம், கட்டடத்தின் பக்கச் சுவரோரமாக, ஒருவர் நின்றிருந்தார். தொப்பியிலும் தோளிலும் பனி.

"அங்கிள்! இங்க என்ன பண்றீங்க?"

"ரேடியோவிலை மெட்ரோபொலிட்டன் லைன் சரியில்லை எண்டு சொன்னவங்கள். அவ வரப் பிந்தும். வந்திட்டன்."

உள்ளே போய் விசாரித்தேன். பெற்றோர் முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களிடம் மட்டும்தான் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பது அங்கே விதி. அவர் பெயர் கொடுக்கப்படவில்லை. என் பெயரும் இல்லை. பொறுப்பாளர் பெண் வருத்தத்தோடுதான் சொன்னார். தாயின் தொலைபேசி கிடைக்கவில்லை. தாய் வரும்வரை தான் இருப்பதாகவும், பெரியவரை உள்ளே வந்து உட்காரும்படி பலமுறை கேட்டுவிட்டதாகவும் சொன்னார். என் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"உள்ளயாவது உக்காரலாமே அங்கிள். நடுங்குறீங்க."

"உள்ளுக்கு இருந்தால் அவன் காணுவான். கண்டால் கூட வரட்டே எண்டு கேப்பான்." பற்கள் அடித்துக்கொண்டன. "ஏலாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் ஒருக்காச் சொன்னனான்."

அப்போதுதான் அவர் நின்ற இடத்தைக் கவனித்தேன். சன்னலுக்கு வெளியே, உள்ளிருந்து பார்த்தால் தெரியாத மூலை. உள்ளே பையன் மரக்கட்டைகளை அடுக்கித் தள்ளுகிற சத்தம் எனக்கு மெல்லத்தான் கேட்டது. அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

என் மகளை வீட்டில் கணவரிடம் விட்டு, ஃபிளாஸ்க்கில் தேநீரோடும் ஒரு கம்பளியோடும் திரும்பி வந்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டார். தேநீரை மூடியில் வாங்கிக் கையில் வைத்திருந்தார். குடித்தாரா என்று நினைவில்லை.

ஏழரைக்குப் பிறகு அவர் மகள் வந்தார். வெம்பிளி பார்க்கோடு ரயில் நின்றுவிட, அங்கிருந்து அலுவலகச் சப்பாத்தோடு நடந்து வந்திருக்கிறார். முழங்கால்வரை நனைந்திருந்தது. கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவர் எங்களைக் கண்டதும் நின்றார்.

"எப்ப வந்தனீங்கள்?"

"இப்பத்தான்" என்றார் அவர்.

மகள் அவருடைய தொப்பியைப் பார்த்தார். கம்பளிமேல் படிந்திருந்ததைப் பார்த்தார். காலடியைப் பார்த்தார், சுற்றிலும் வெள்ளையாக இருக்க, அவர் நின்ற இடத்தில் மட்டும் சிமெந்து தெரிந்தது.

"பொய் சொல்லாதேங்கோ அப்பா." குரல் உயரவில்லை. "அண்டைக்கும் ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டுதானே சொன்னனீங்கள்."

"ஓம்" என்றார்.

படிப்பு, சண்டை, பாதை ஒன்றையும் எடுக்கவில்லை. பனி விழுந்துகொண்டிருந்தது. ஃபிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து போய்விடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நான் நின்றேன்.

"எத்தினை ஞாயிறு" என்று மகள் ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது பையன் தாயின் தோளில் அரைத்தூக்கத்தில் இருந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த பொறுப்பாளர், பெரியவர் நாலு மணியிலிருந்து நிற்கிறார், இன்னொரு முறை இப்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டார்.

"இவரிடம் கொடுங்கள்" என்று மகள் ஆங்கிலத்தில் சொன்னார். பிள்ளைக்கு இவர் என்ன உறவு என்று பொறுப்பாளர் கேட்டார். தாத்தா என்று சொல்லியிருக்கலாம். "இவர் என்னுடைய அப்பா" என்றார்.

மகள் இரண்டு எட்டு வைத்திருப்பார். ஈரத்தில் சப்பாத்துக் குதி வழுக்கியது. "பிடியுங்கோ" என்று பையனை அப்பா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து சப்பாத்தைச் சரிசெய்தார். நிமிர்ந்த பிறகு கையை நீட்டிக் கேட்கவில்லை. முன்னால் நடந்தார்.

பெரியவர் அடிமேல் அடிவைத்துப் பின்னால் போனார். தூக்கத்தில் பையன் பிடிமானம் தேடி அவருடைய காதைப் பற்றிக்கொண்டான். சில்லிட்டுச் சிவந்திருந்த காது. தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. நான் விரலை விடுவிக்கப் போனேன்.

"விடுங்கோ பிள்ளை" என்றார். "பிடிக்கட்டும்."

அதன் பிறகு வாரநாள்களில் பையனை நர்சரியிலிருந்து கூட்டிவருவது அவர் வேலையாயிற்று. பள்ளிக்கூடம் போன பிறகும் தொடர்ந்தது. 2008 மார்ச்சில் அவர் இறக்கும்வரை. ஞாயிறு பதினொன்று முதல் ஒன்றுவரை மகள் வருவதில் மாற்றமில்லை. கோட்டுப் பொத்தான்களை மட்டும் கழற்றிவிட்டு உட்கார ஆரம்பித்திருந்தார். கோட்டை அல்ல.

ஒருநாள், பனி விழுந்த அதே ஆண்டின் கோடையில், வேலியடியில் நின்று நான் சொன்னேன்: "பொண்ணு உங்கள மன்னிச்சிட்டாங்க போல அங்கிள்."

"இல்லைப் பிள்ளை" என்றார், நான் ஏதோ கூட்டல் கணக்கைப் பிழையாகச் சொன்னது போல. "மன்னிக்கேல்லை. காவலுக்கு விட்டிருக்கிறா. எனக்கு அது காணும்."

வேலிக்கு இன்னும் அருகே வந்தார். "நீங்கள் ஒரு புத்தகம் சொன்னனீங்களல்லோ, தகப்பன் நரியும் இடைக்கிடை போகும் எண்டு. அது சரி. நானே கண்டிருக்கிறன்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு...?"

"போகும். திரும்பி வந்திடும். வளை வாசலிலை குட்டியள் நிண்டு பாக்கிற தூரத்துக்கு அங்காலை போகாது."

பின்கதவு வழியே கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். மணி நாலு. நர்சரி ஆறுக்குத்தான் மூடும், நடந்தால் பத்து நிமிடம். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.